வெள்ளம் வந்தால் செய்தி, வறட்சி வந்தால் மௌனம் – ஏன்?

(சங்கத்தின் வட்ட மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உர விலை இல்லை, ஆற்றுத் தண்ணீர் இல்லை, கொள்முதல் நிலையமும் இல்லை. பத்திரிகைச் செய்தி. "அது நிருபர் வேலையாச்சே, களை எடுக்கிற நமக்கு அதில் என்ன?" என்று பின்வரிசையில் இருக்கிற பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிவாரணம் எந்த ஊருக்குப் போகிறதோ, பெரும்பாலும் அந்த ஊருக்குச் செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். செய்தியில் வராத இழப்பு, கோட்டைக் கணக்கிலும் லேசில் ஏறாது. அதனால், எந்தத் துயரம் செய்தியாகிறது, எது ஆகவில்லை என்பது நம் வயிற்றுப் பிரச்சினை.

ஒரு வறட்சி காணாமல் போன கதை

தூரமாகப் போக வேண்டாம். 2016-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. சம்பாவுக்குத் திறந்தது செப்டம்பர் 20-ல். அதற்கு ஒரு வாரம் முன்னால், காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. நாடு முழுக்க அந்த நெருப்பைப் பார்த்தது. அந்தத் தண்ணீர் எந்த வயலுக்கு வர வேண்டுமோ, அந்த வயலைப் பார்த்தவர்கள் குறைவு.

பிறகு வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 440 மில்லி மீட்டர் பெய்ய வேண்டும். அந்த வருஷம் 170 மில்லி மீட்டர்கூடத் தேறவில்லை. அறுபது சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை. நூறு வருஷத்துக்கு மேலான கணக்கில் இவ்வளவு மோசமான மழைக்காலம் அபூர்வம். நேரடி விதைப்பு விட்ட வயலில் பயிர் முளைத்து, மஞ்சளாகி, கருகி, மாடு மேய விட்டோம். ஆழ்குழாயில் காற்றுதான் வந்தது.

அந்த மூன்று மாதமும் செய்தியில் என்ன ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. கேமராக்கள் எல்லாம் ஏ.டி.எம். வாசலில் நின்றன. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டு வாங்கக் கூடாது என்று ஒரு வாரத்தில் உத்தரவு வந்து, சங்கத்துக் கடனை நம்பியிருந்தவர்கள் கை கட்டி நின்றது பெரிய செய்தியாகவில்லை. டிசம்பர் 5-ல் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். பிப்ரவரியில் கூவத்தூர் விடுதி. இதில் எதுவும் பொய்ச் செய்தி இல்லை, எல்லாம் உண்மையாகவே பெரிய சம்பவங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளில் நடந்தது, ஒரு இடத்தில் நடந்தது, படம் எடுக்க வசதியாக நடந்தது. நம் வறட்சி மட்டும் நூறு நாளாக, ஆயிரக்கணக்கான ஊர்களில், சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அதிர்ச்சியிலும் கடன் நெருக்கடியிலும் விவசாயிகள் சாகத் தொடங்கினார்கள். டெல்டாவில் வேலை செய்கிற உள்ளூர் நிருபர்கள் ஊர் ஊராகப் போய் எழுதினார்கள். அந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் 2017 ஜனவரி முதல் வாரத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த பத்திரிகைத் தகவலை அந்த ஆணையம் எடுத்துக் காட்டியது. அடுத்த சில நாளில், ஜனவரி 10-ஆம் தேதி, அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள்.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். மழை இல்லை என்பது நவம்பரிலேயே வானிலைத் துறைக்குத் தெரியும். பயிர் கருகியது வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும். மேட்டூர் நீர்மட்டம் அப்போது பொதுப்பணித் துறையில் தினமும் எழுதினார்கள். தெரியாமல் இல்லை. தெரிந்தது அசைவாக மாற, செய்தி தேவைப்பட்டது. அந்தச் செய்தி வர, சாவு தேவைப்பட்டது. இதைத்தான் நாம் மாற்ற வேண்டும் என்கிறோம்.

பத்திரிகை எதைப் பார்க்கிறது?

செய்தி என்பது ஒரு வியாபாரமும்கூட. அதற்கென்று சில வழக்கம் உண்டு. யாரும் நம்மைக் கெடுக்கவென்று உட்கார்ந்து வகுத்தது இல்லை. ஆனால் விளைவு நமக்குக் கெடுதல்.

முதலாவது, திடீர் என்று நடக்க வேண்டும். புயல் ஒரு இரவில் அடிக்கிறது. நிலத்தடி நீர் முப்பது வருஷமாகக் கீழே போகிறது. "நேற்றும் இல்லை, இன்றும் இல்லை" என்பது தலைப்புச் செய்தி ஆகாது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிய வேண்டும். விழுந்த மரம் படமாகும். நெல் கதிரில் பால் பிடிக்காமல் பதராகப் போனது, தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பயிர் மாதிரியே இருக்கும். கந்துவட்டி எந்தக் கேமராவுக்கும் தெரியாது.

மூன்றாவது, நகரத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். நிருபர், கேமரா, ஆசிரியர், விளம்பரம் தருகிறவர் எல்லாம் இருப்பது நகரத்தில்.

நான்காவது, பார்க்கிறவன் பொருள் வாங்குகிறவனாக இருக்க வேண்டும். பத்திரிகையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், சரி. ஆனால் பெரிய வருமானம் விளம்பரத்தில்தான் வருகிறது. தொலைக்காட்சிக்கு டி.ஆர்.பி. என்று ஒரு கணக்கு. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சில வீடுகளில் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2015 வரை அந்தக் கருவி நகரத்து வீடுகளில் மட்டும்தான் இருந்தது. அந்த வருஷ அக்டோபரில்தான் கிராமத்துக் கணக்கு முதன்முதலாக வெளிவந்தது. அதுவரை நாம் பார்த்தாலும் ஒன்று, பார்க்காவிட்டாலும் ஒன்று. நாம் கணக்கிலேயே இல்லை.

ஐந்தாவது, புதுசாக இருக்க வேண்டும். "போன வருஷமும் வறட்சி எழுதினோமே" என்று சொல்லிவிடுவார்கள். போன வருஷமும் வறட்சி, இந்த வருஷமும் வறட்சி என்றால் நமக்குத் துன்பம் இரட்டிப்பு. அவர்களுக்குச் செய்தி பாதி.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். தேசியப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் கிராமத்துச் செய்திக்குக் கிடைக்கும் இடம் ஒரு சதவீதம்கூட இல்லை என்று டெல்லியில் உள்ள ஊடக ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. 69 பேருக்கு ஒரு சதவீத இடம். நம் ஊர்ப் பந்தியில் இப்படிப் பரிமாறினால் சும்மா விடுவோமா?

பஞ்சம் நகரத்துக்கு வந்த பிறகுதான்

இது இன்றைக்கு நேற்று வந்த நோய் இல்லை. 1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அரிசி விலை ஏறி, முதலில் விழுந்தவர்கள் கிராமத்து விவசாயக் கூலிகள், மீனவர்கள், கைத்தொழில் செய்கிறவர்கள். அரசாங்கம் அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் பஞ்ச விதிகளின்படி வேலையும் சோறும் போட வேண்டும். கிராமத்தில் செத்தது செய்தியாகவில்லை. பசித்த ஜனங்கள் நடந்து நடந்து கல்கத்தா நடைபாதைக்கு வந்து விழுந்தார்கள். அப்போதுதான் 1943 ஆகஸ்ட் 22-ல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை அந்த நடைபாதைப் படங்களை அச்சிட்டது. அதன் ஆசிரியர் அயன் ஸ்டீபன்ஸ், ஒரு வெள்ளைக்காரர். தணிக்கை இருந்த காலத்தில் துணிந்து செய்தார். லண்டன் வரை அது போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் புதிய வைசிராய் வேவல் வந்து, பட்டாளத்தை இறக்கி நிவாரணம் தொடங்கினார். அதற்குள் எத்தனையோ லட்சம் உயிர் போய்விட்டது. விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள்.

அமர்த்தியா சென் இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்தவர். 1998-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர். அவர் சொல்வது இது: தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற நாட்டில் இப்படிப்பட்ட பெரும் பஞ்சம் வராது, ஏனென்றால் சேதி வெளியே வந்துவிடும், ஆட்சிக்குப் பயம் வரும். ஆனால் அவரே இன்னொன்றும் சொல்கிறார். தினம் தினம் அரை வயிற்றோடு படுக்கிற பட்டினிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது செய்தியாவதில்லை. நம் நெருக்கடி இந்த இரண்டாவது வகை.

2007-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1968-லிருந்து 2002 வரை உலகத்தில் நடந்த சுமார் 5,000 இயற்கைச் சீற்றங்களை எடுத்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் எது வந்தது, அமெரிக்க அரசு எதற்கு உதவி செய்தது என்று பார்த்தார்கள். எரிமலை வெடித்து ஒருவர் இறந்தால் செய்தியாகும் வாய்ப்பு எவ்வளவோ, அதே வாய்ப்பு கிடைக்க, உணவுப் பஞ்சத்தில் ஏறத்தாழ 39,000 பேர் சாக வேண்டியிருக்கிறதாம். எரிமலையில் நெருப்பு தெரிகிறது. பசியில் நெருப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. இன்னொன்றும் கண்டார்கள். ஒலிம்பிக் விளையாட்டு நடக்கிற நாட்களில் வந்த சீற்றத்துக்குச் செய்தியும் குறைவு, உதவியும் குறைவு. செத்தவர்கள் செய்த தப்பு, பந்தயம் நடக்கிற வாரத்தில் செத்தது.

நம் பக்கமும் பார்ப்போம். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் பேய் மழை. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளை அடித்துக்கொண்டு போய் உயிர்கள் போயின. கரும்பும் நெல்லும் தண்ணீரில் நின்றது. தமிழ்ப் பத்திரிகைகள் எழுதின. வட நாட்டுச் சேனல்கள் பெரும்பாலும் அசையவில்லை. டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. உடனே இந்தியா முழுக்க, உலகம் முழுக்கச் செய்தி. 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகையே ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் வெளிவரவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அது புதுசு. சென்னை மக்கள் பட்ட பாடு நிஜம். அதில் நமக்குப் பொறாமை கிடையாது, நம்மவர்கள் லாரியில் அரிசியும் வாழைத்தாரும் ஏற்றி அனுப்பினார்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: கடலூர்த் தண்ணீர் மூன்று வாரம் முன்னாலேயே கழுத்து வரை வந்ததே, அது தண்ணீர் இல்லையா?

மகாராஷ்டிரத்தில் 2006-ல் நடந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். மும்பையில் லக்மே ஃபேஷன் வாரம் என்ற ஆடை அலங்கார விழா. பருத்தித் துணி உடுத்தி அழகிகள் நடந்தார்கள். செய்தி சேகரிக்க 512 நிருபர்கள் பதிவு செய்திருந்தார்கள். அதே நேரம் விமானத்தில் ஒரு மணி நேர தூரத்தில் விதர்பா. அந்தப் பருத்தியை விளைவித்த விவசாயிகள் கடனில் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போயிருந்த வெளியூர் நிருபர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். துணிக்கு 512 பேர், பருத்திக்கு ஐந்தாறு பேர்.

வேடிக்கை காட்டினால் போதுமா?

"அப்படியென்றால் நாமும் நகரத்துக்குப் போவோம், கேமரா முன்னால் நிற்போம்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். செய்திருக்கிறோம். 1972-ல் மின் கட்டணத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, நகரமே நின்றது. அந்த வருஷம் ஜூலை 5-ல் போலீஸ் துப்பாக்கியில் விழுந்தவர்களை இன்றும் அதே தேதியில் நினைவுகூர்கிறோம்.

2017 மார்ச் 14-ல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். 41 நாள். செத்த விவசாயிகளின் மண்டை ஓடு என்று கையில் ஏந்தினார்கள். வாயில் எலியைக் கவ்வினார்கள். பாதித் தலை மழித்தார்கள். தரையில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். பிரதமர் அலுவலகம் முன்னால் ஆடையில்லாமல் ஓடினார்கள். அந்த வயதில் அந்த மனிதர்கள் தங்கள் மானத்தையே விலையாக வைத்தார்கள். அதனால்தான் தமிழக வறட்சி என்று ஒன்று இருப்பதே வடக்கே தெரிந்தது. அதை நாம் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் பாருங்கள், என்ன நடந்தது? எலி படமானது. எலி ஏன் என்ற கேள்வி படமாகவில்லை. "இன்றைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றுதான் மைக் நீட்டினார்கள். கடன் எவ்வளவு, மழை எவ்வளவு, இன்சூரன்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. நேற்றைவிட இன்றைக்கு அதிகமாக ஒன்று செய்தால்தான் நிற்கும் என்ற கட்டாயம். அந்த ஏப்ரலில்தான், வறட்சியால் விவசாயி யாரும் சாகவில்லை, சொந்தக் காரணங்களால் இறந்தார்கள் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. படம் நம்மிடம் இருந்தது. காகிதம் அவர்களிடம் இருந்தது. கோர்ட்டில் பேசுவது காகிதம்.

அடுத்த வருஷம், 2018 மார்ச்சில், நாசிக்கிலிருந்து மும்பைக்கு விவசாயிகளும் பழங்குடி மக்களும் சுமார் 180 கிலோ மீட்டர் நடந்தார்கள். முதல் சில நாள் பெரிய ஊடகம் எட்டிப் பார்க்கவில்லை. மும்பையை நெருங்கியபோது, கொப்புளம் வெடித்த பாதங்களின் படம் வந்தது. மறுநாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை, பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ராத்திரியோடு ராத்திரியாக நடந்து மைதானத்துக்குப் போனார்கள். நகரத்து ஜனங்கள் செருப்பும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களிடம் படத்தோடு கோரிக்கைப் பட்டியலும் தெளிவாக இருந்தது. அரசு எழுத்தில் உறுதி கொடுத்தது. கொடுத்த உறுதிக்காக அடுத்த வருஷமே திரும்பவும் நடக்க வேண்டி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

2020-ல் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து பஞ்சாபில் இலையுதிர் காலம் முழுக்க ரயில் மறியல் நடந்தது. டெல்லிச் சேனல்களுக்கு அது தூரத்து விவகாரம். நவம்பர் 26-ல் டிராக்டர்கள் டெல்லி எல்லைக்கு வந்த பிறகுதான் பெரிய செய்தி. அப்போதும் சில சேனல்கள் அவர்களை விவசாயிகளே இல்லை என்றன, தேசத் துரோகிகள் என்றன. அவர்கள் என்ன செய்தார்கள்? டிசம்பர் 18-ல் போராட்டக் களத்திலேயே 'டிராலி டைம்ஸ்' என்று நான்கு பக்கப் பத்திரிகை தொடங்கினார்கள், பஞ்சாபியிலும் இந்தியிலும். டிராலியில் படுத்துத் தூங்குகிற பெரியவர்கள் காலையில் அதைப் படித்தார்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் வாபஸ் ஆயின. பத்திரிகையால் மட்டும் வென்றார்கள் என்று சொல்லவில்லை. தங்கள் சேதியைத் தாங்களே எழுதத் தெரிந்தவர்களைப் பொய் சொல்லிக் கலைக்க முடியவில்லை என்கிறோம்.

நிருபர் நம் எதிரியா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, பிரசுரமான செய்திக்குத்தான் காசு. பெட்ரோல் அவர் கைக்காசு. அவர் அனுப்பிய பத்துச் செய்தியில் இரண்டு வந்தால் அதிர்ஷ்டம். அவரைத் திட்டி என்ன லாபம்?

லண்டனைச் சேர்ந்த பெஸ்லி, பர்ஜெஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1958 முதல் 1992 வரை இந்தியாவின் 16 மாநிலங்களை ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். விளைச்சல் விழுந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் எந்த மாநில அரசு அதிகமாக உணவு தானியமும் நிவாரணமும் கொடுத்தது என்று பார்த்தார்கள். பத்திரிகை அதிகமாக விற்கிற மாநிலத்தில் அரசு அதிகமாக அசைந்திருக்கிறது. அதிலும் முக்கியம், ஆங்கிலப் பத்திரிகையோ இந்திப் பத்திரிகையோ இல்லை, அந்தந்த மாநில மொழிப் பத்திரிகைதான் அந்த வேலையைச் செய்திருக்கிறது. டீக்கடையில் நாம் பிரித்துப் படிக்கிற பேப்பர்தான் நம் ஆயுதம். 2017-ல் மனித உரிமை ஆணையத்தை அசைத்ததும் ஊர் ஊராகப் போன நிருபர்களின் எழுத்துதான்.

ஆகவே நம் வேலை, கேமராவுக்காகக் காத்திருப்பது இல்லை. நம் சேதியைக் கணக்கோடு, தேதியோடு, அவர் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கிளைகள் செய்ய வேண்டிய வேலை

1. ஊருக்கு ஒரு நோட்டு. மழை என்றைக்குப் பெய்தது, வாய்க்காலில் தண்ணீர் என்றைக்கு வந்தது, என்றைக்கு நின்றது, விதைப்பு எப்போது, பயிர் வாடத் தொடங்கியது எப்போது, எத்தனை ஏக்கர். படித்த பிள்ளை ஒருத்தரிடம் பொறுப்புக் கொடுங்கள். பெண்பிள்ளைகள் எழுதினால் இன்னும் ஒழுங்காக இருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் இரண்டு பேர் கையெழுத்து.

2. செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது. அதே வயலை, அதே வரப்பில் நின்று, வாரம் ஒரு படம் எடுங்கள். ஒரு படம் பரிதாபம். பத்து வாரத்துப் பத்துப் படம் சாட்சி. மெதுவாக வருகிற அழிவைக் காட்ட இதைவிட வழி இல்லை.

3. அடங்கலில் பயிர் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வயலில் நெல், பதிவில் தரிசு என்றால், நிவாரணமும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. இடுபொருள் நிவாரணத்துக்கு 33 சதவீதம் இழப்பு வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. அதற்கு முன்னால் 50 சதவீதமாக இருந்தது. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வயலில் வெள்ளம் நிற்பது போன்ற தனி இடத்துச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செய்தி வரட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

4. மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நோட்டின் நகலோடு மனு. மனுவுக்கு ரசீது. பதில் இல்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி: எங்கள் ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை எந்த வயலில், எந்தத் தேதியில் நடந்தது, என்ன மகசூல் எழுதினீர்கள்?

5. நிருபருக்கு ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு. "விவசாயிகள் வேதனை" என்று தலைப்புப் போடாதீர்கள். அது தினம் வருகிறது. "இந்த ஊரில் இத்தனை ஏக்கர், இத்தனை நாள் தண்ணீர் இல்லை, இத்தனை மனு கொடுத்தும் பார்க்க வரவில்லை" என்று எண்ணோடு கொடுங்கள். எண்ணைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஒரு எண்ணையும் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு பொய் மாட்டினால் நூறு உண்மை போச்சு.

6. குத்தகைக்காரர், கூலிக்குப் போகிறவர் கணக்கும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். வறட்சியில் முதலில் வேலை இழக்கிறவர் நடவு நடுகிற பெண். அவர் பெயரில் பட்டா இல்லை. அவர் இழப்பு எந்த அடங்கலிலும் இல்லை. வங்காளத்தில் முதலில் விழுந்தவர் யார் என்று சொன்னோமே, நினைவிருக்கட்டும்.

7. கடைசியாகச் சொன்னாலும் முதல் வேலை இதுதான். எந்தக் குடும்பமும் தனியாக உடைந்து போகக் கூடாது. செத்தால்தான் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் யார் மனதிலும் வரக் கூடாது. அப்படிப் பார்ப்பது இரண்டு நாள். பிறகு அந்த வீட்டுக் கடன் அந்த வீட்டு அம்மா தலையில். கடன்காரன் வாசலில் சத்தம் போட்டால், சங்கத்துக்காரர் நாலு பேர் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். மனசு விட்டுப்போனவரைத் தனியாக விடாதீர்கள், கூட உட்கார்ந்து பேசுங்கள், 104-க்குப் போன் போட்டுக் கொடுங்கள். உயிரோடு இருக்கிற விவசாயியின் கணக்கைச் செய்தியாக்குவதுதான் சங்கத்தின் வேலை.

அரசிடம் நாம் கேட்பது

செய்தி வந்தால் நிவாரணம், வராவிட்டால் இல்லை என்ற நிலைமையே தப்பு. மழைமானி இருக்கிறது, அணைக் கணக்கு இருக்கிறது, அடங்கல் இருக்கிறது. ஆகவே நம் ஆர்ப்பாட்டத்தின் கோரிக்கைகள்:

— மழைக் குறைவும் பயிர் இழப்பும் விதிப்படியான அளவைத் தாண்டினால், கேமரா வந்தாலும் வராவிட்டாலும், குறித்த நாளுக்குள் வறட்சி அறிவிப்பு வெளியிடு!

— பயிர் அறுவடைப் பரிசோதனை முடிவையும் இழப்புக் கணக்கையும் கிராம சபையில் வாசித்துக் காட்டு!

— குத்தகை விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நிவாரணக் கணக்கில் இடம் கொடு!

— இறந்த விவசாயியின் குடும்பத்தைச் "சொந்தக் காரணம்" என்று ஒரு வார்த்தையில் தள்ளாதே! கடன், பயிர், மழை மூன்றையும் விசாரித்து எழுது!

பெருமக்களே! வெள்ளம் தானே கத்தும். புயல் தானே கத்தும். வறட்சிக்கு வாய் கிடையாது. அதற்கு நாம்தான் வாய். ஊர் நோட்டோடு வாருங்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். தாலுகா அலுவலகம் முன்னால் கூடுவோம்.

எழுதாத இழப்பு எவர் கணக்கிலும் இல்லை!
எழுதுவோம்! எண்ணுவோம்! ஒன்றுபட்டுக் கேட்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!